ஆரேனிக்கு ஒரே நாளில் போய்த் திரும்பாதீர்கள்

தருமபுரித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஓசூரில் வேலை, அக்டோபரில் ஆறு நாள் விடுப்பு. ஆர்மீனியாவில் மலைகளுக்கு நடுவே ஆரேனி என்றோர் ஒயின் ஊர் இருக்கிறதாம், ஆறாயிரம் ஆண்டுப் பழைய குகையும் இருக்கிறதாம், போகலாமா என்கிறார். இவர் எப்போதாவது ஒரு கிளாஸ் குடிப்பவர். மனைவி தொடுவதில்லை. உடன் வரும் அம்மா பென்னாகரத்துக்காரர், சைவம், முழங்கால் வலி வேறு. "தலைநகரிலிருந்து காலையில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பிவிடலாம் என்கிறார்கள், அது போதுமா?" என்பது கடைசிக் கேள்வி.

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். போதாது. அப்படித்தான் போவதாக இருந்தால் போகாமலே இருக்கலாம் என்பது என் கட்சி. கிருஷ்ணகிரியில் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பக்கம் இரண்டு முறை போயிருக்கிறேன். 2018-இல் போனது ஒரு பயண நிறுவனத்தின் ஒருநாள் சுற்றில். நொராவாங்க் மடாலயத்தில் நாற்பது நிமிடம், குகையில் இருபது நிமிடம், ஒயின் கடைகளில் இரண்டரை மணி நேரம். எந்தக் கடையில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது ஓட்டுநருக்கும் கடைக்காரருக்கும் இடையிலான கணக்கு என்பது போகப் போகத்தான் புரிந்தது. இரவு அறைக்கு வந்து படுத்தபோது மனத்தில் மிஞ்சியது வேனின் இருக்கை மட்டும்தான். 2023-இல் அதே பள்ளத்தாக்கில் மூன்று இரவு தங்கினேன். இப்போது சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த மூன்று இரவுகளின் வரவு.

முதலில் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆர்மீனியாவின் தென்பாதியில் வயோட்ஸ் ட்ஸோர் என்று ஒரு மாகாணம். 'ஓலங்களின் பள்ளத்தாக்கு' என்று பொருள் சொல்கிறார்கள். பரப்பு நம் தருமபுரி மாவட்டத்தில் ஏறக்குறையப் பாதி. மக்கள்தொகையோ சுமார் ஐம்பதாயிரம், பென்னாகரம் வட்டத்தின் ஒரு மூலையில் அடங்கிவிடுவார்கள். அர்ப்பா என்றோர் ஆறு நடுவே ஓடுகிறது. அதன் கரையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஆரேனி கிராமம். ஓசூரைவிடக் கொஞ்சம்தான் உயரம் என்பதால் மூச்சுத் திணறுமோ என்ற கவலை வேண்டாம். மலைகளைப் பார்த்தால் கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டைக்குப் போகும் வழியில் தெரியும் கரடுகளை யாரோ பத்து மடங்கு பெருக்கி, செம்மண் கரைத்து ஊற்றியது போலிருக்கும். மரம் குறைவு, பாறை அதிகம். பசுமையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவதும், நம் பக்கத்துக்காரன் ஊருக்கு வந்தது போல உணர்வதும் இதனால்தான்.

தலைநகர் யெரெவானிலிருந்து சாலையில் இரண்டு மணி நேரம். முதல் பாதி சமவெளி. வானம் தெளிவாக இருந்தால் வலப்பக்கம் 5137 மீட்டர் உயர அராராத் மலை பனித்தொப்பியோடு கூடவே வரும். ஆர்மீனியர்கள் உயிராக மதிக்கும் மலை, ஆனால் இருப்பது துருக்கியில். எல்லை மூடியிருக்கிறது. அந்த மலையை மிக நெருக்கத்தில் பார்க்க வழியிலேயே கோர் விராப் மடாலயத்தில் அரை மணி நிறுத்தலாம். நாட்டைக் கிறித்துவத்துக்குக் கொண்டுவந்த கிரிகோரி முனிவரைப் பதின்மூன்று ஆண்டு அடைத்துவைத்ததாகச் சொல்லும் பாதாளக் குழி அங்கேதான். கி.பி. 301 என்று அவர்கள் மரபு கணக்குச் சொல்கிறது. குழிக்குள் செங்குத்தான இரும்பு ஏணி. அம்மா மேலேயே இருந்து அராராத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

அதற்குப் பிறகு சாலை மலையேறி, ஒரு கணவாயைத் தாண்டி இறங்குகிறது. இறங்கியதும் சாலையோரத்தில் வரிசையாகத் தட்டிக் கடைகள். மேசைமேல் கோலா பாட்டில்கள், உள்ளே கருஞ்சிவப்புத் திரவம். வீட்டில் செய்த ஒயின் அது. இந்தச் சாலை ஈரான்வரை போகிறது. அங்கே மதுவுக்குத் தடை. லாரி ஓட்டுநர்கள் பார்வைக்குக் கோலாவாகத் தெரியும் ஒன்றை வாங்கிப்போக வசதியாக இந்த ஏற்பாடு என்று அங்கே எல்லாருமே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். நான் நின்ற கடையில் தலைக்குக் கட்டுப் போட்ட ஒரு மூதாட்டி, பிளாஸ்டிக் கோப்பையில் ஒரு விரல்கடை ஊற்றிக் கொடுத்துவிட்டு, நான் முகத்தைச் சுளிப்பேனா என்று கண்கொட்டாமல் பார்த்தார். இனிப்புத் தூக்கல், கொஞ்சம் புளிப்பு, அடியில் வண்டல். சுளிக்கவில்லை. இருந்தும் ஒரு பாட்டில் தலையில் கட்டிவிட்டார். நம் நெடுஞ்சாலையோரத்து மாம்பழக் கடைக்கார அம்மாக்கள் அவரிடம் ஒரு வாரம் பாடம் படிக்கலாம்.

இனி குகை. ஆரேனி-1 என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், ஊர்க்காரர்களுக்கு அது பறவைகளின் குகை. ஆற்றுக்கு மேலே பாறைச் சரிவில் இருக்கிறது. படியேற வேண்டும், ஆனால் நீண்ட ஏற்றம் கிடையாது, அம்மா நின்று நின்று வரலாம். 2007-இல் போரிஸ் காஸ்பர்யான் தலைமையில் தோண்டத் தொடங்கினார்கள். அங்கே வெளிப்பட்டதை 2011 ஜனவரியில் உலகுக்கு அறிவித்தார்கள்: கி.மு. 4100 வாக்கில் நடந்துவந்த ஒரு ஒயின் பட்டறை.

பட்டறை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துவிடாதீர்கள். வழிகாட்டிப் பெண் டார்ச்சைத் தாழ்த்திக் காட்டியபோது எனக்கு முதலில் ஒன்றுமே புரியவில்லை. களிமண் பூசிய ஆழமில்லாத ஒரு தொட்டி, அகலம் மூன்றடிதான் இருக்கும், விளிம்பு கொஞ்சம் எழும்பியிருக்கிறது. தரை ஒரு பக்கமாகச் சாய்கிறது. சாய்ந்த பக்கத்தில் மண்ணுக்குள் கழுத்துவரை புதைத்த ஒரு சால். அவ்வளவே. தொட்டியில் திராட்சையைப் போட்டுக் காலால் மிதிக்கிறார்கள், சாறு சரிந்து சாலுக்குள் இறங்குகிறது, அங்கேயே பொங்கி நுரைத்து மதுவாகிறது. சால் கொள்வது ஐம்பது லிட்டர் சொச்சம். பக்கத்திலேயே திராட்சை விதை, தோல், காம்பு, காய்ந்த கொடி எல்லாம் அப்படியே கிடந்தன. பானை ஓட்டில் ஒட்டியிருந்த கறையைச் சோதித்ததில் சிவப்பு ஒயினுக்கு நிறம் தரும் மால்விடின் என்ற பொருள் கிடைத்தது. என் பாட்டி வீட்டில் மாட்டுத் தொழுவத்தின் தரை இப்படித்தான் ஒரு பக்கம் சாய்ந்து, கோமியம் போய் விழ ஒரு குழியும் இருக்கும். அதை அங்கே சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆறாயிரம் ஆண்டு இது எப்படி மக்காமல் இருந்தது? குகை வறண்டது, குளிர்ச்சி சீரானது என்பது பாதி விடை. மீதிப் பாதியைக் கேட்டால் உங்கள் அம்மா சிரிப்பார்: ஆட்டுப் புழுக்கை. தலைமுறை தலைமுறையாகக் குகையில் கிடை போட்டதில் புழுக்கை அடுக்கடுக்காகப் படிந்து இறுகி, கீழே இருந்தவற்றை மூடி போட்டது போலக் காத்திருக்கிறது. அதற்கடியில்தான் 2008-இல் அந்தச் செருப்பு கிடைத்தது. ஒற்றை மாட்டுத்தோலில் செய்து, முன்னும் பின்னும் தோல்வாரால் இழுத்துக் கட்டிய வலக்கால் செருப்பு. மூடிய வகை, ஷூ என்றே சொல்லலாம். கி.மு. 3500 வாக்கிலானது. உள்ளே புல் திணித்திருந்தார்கள், கால் குளிராமலிருக்கவா, வடிவம் கெடாமலிருக்கவா என்று இன்னும் பேச்சு நடக்கிறது. அது இப்போது யெரெவானில் குடியரசுச் சதுக்கத்து வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எல்லாரும் முதல் நாளே போய்ப் பார்க்கிறார்கள். நீங்கள் குகையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாகக் கிடக்கும் செருப்புக்கும், அது கழன்ற இடத்தில் நின்றுவிட்டு வந்து பார்க்கும் செருப்புக்கும் உள்ள வேறுபாடு பெரிது. திங்கட்கிழமை விடுமுறை, கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு திருத்தமும் சொல்லியாக வேண்டும். 'உலகின் முதல் ஒயின் இங்கேதான்' என்று ஆரேனியில் ஒவ்வொரு கடைப்பலகையும் கத்தும். அது சரியில்லை. பக்கத்து நாடான ஜார்ஜியாவில் கி.மு. 6000 வாக்கிலான பானைகளில் ஒயின் எச்சம் கிடைத்திருப்பதாக 2017-இல் ஆய்வு வெளியானது. ஆரேனியின் பெருமை வேறு: மிதிதொட்டி, சால், சக்கை என்று வேலை நடந்த இடமே முழுசாகக் கிடைத்ததில் இதுவே மிகப் பழையது.

அந்தக் குகையில் என்னை அதிக நேரம் நிற்க வைத்தது தொட்டிகூட இல்லை. மிதிதொட்டியைச் சுற்றி அடக்கங்கள் இருந்திருக்கின்றன. பானைக்குள் வைத்த இளவயதினர் மண்டையோடுகள், அவற்றுக்கு அருகே குடிக்கும் கிண்ணங்கள். இது தினசரிக் குடிக்காக வடித்ததில்லை, இறந்தவர்களுக்கான சடங்குக்காக வடித்தது என்று தோண்டியவர்கள் கருதுகிறார்கள். வழிகாட்டிப் பெண் இதைச் சொன்னபோது எனக்குத் தகடூர், அதாவது நம் பழைய தருமபுரி, நினைவுக்கு வந்தது. அதியமான் இறந்தபின் அவ்வை பாடிய கையறுநிலைப் பாட்டில், அவன் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் ஊற்றிப் படைக்கிறார்கள். மலைநாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தக் கிண்ணக் கள்ளையா வாங்கப்போகிறான் என்று கேட்கிறாள் அவள். இரண்டுக்கும் நடுவே நாலாயிரம் ஆண்டு. ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று யாரும் கதை கட்ட வேண்டாம், நம்மில் சிலருக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அந்த இருட்டுக்குள் கொஞ்சம் தொண்டை அடைக்கும். பாரிஸிலிருந்து ஒயின் ருசிக்க வந்தவருக்கு அது இருக்காது.

இதே காரணத்துக்காக ஒரு வேண்டுகோள். விமானம் ஏறும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூளகிரிப் பக்கம் மல்லச்சந்திரம் போய்வாருங்கள். பாறைமேல் பலகைக் கற்களை நிறுத்தி மூடிய கற்திட்டைகள் என்னும் பழங்கால ஈமச்சின்னங்கள், வட்டமாகக் குடைந்த இடுதுளைகள். நான் போன போதெல்லாம் டிக்கெட் கொடுக்க ஆளில்லை, வழிகாட்ட ஓர் ஆட்டுக்காரர்தான். பர்கூர்ப் பக்கம் மயிலாடும்பாறையில் இரும்பு கி.மு. 2172 வரை பின்னே போகிறது என்று 2022-இல் அறிவித்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த ஆண்டுக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு ஆரேனிக்குப் போனால் ஆறாயிரம் என்ற எண்ணுக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். இல்லாவிட்டால் அது வெறும் சுழிகள்.

நொராவாங்க் மடாலயம் ஆரேனிக்குப் பக்கத்தில் பிரியும் ஒரு குறுகிய பிளவுக்குள் எட்டு கிலோமீட்டர். பஸ் கிடையாது, கார் பேசிக்கொள்ள வேண்டும். இருபுறமும் செங்குத்தான பாறை, வானம் ஒரு நாடா அளவுக்குச் சுருங்கிவிடும். 1205-இல் நிறுவிய மடம். ஓர்பெலியான் என்ற சிற்றரசர் குடும்பத்தின் ஆதரவில் வளர்ந்தது. 1339-இல் முடித்த இரண்டடுக்குத் தேவாலயம்தான் எல்லாப் படங்களிலும் வருவது. மோமிக் என்ற சிற்பியின் கைவண்ணம். கீழ்த்தளம் கல்லறை, மேல்தளம் வழிபாட்டுக்கு. மேலே போகச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கல் படிகள், கைப்பிடி கிடையாது. ஏறும்போது வீரமாக இருக்கும், இறங்கும்போது முழங்கால் பேசும். அம்மாவை ஏற விடாதீர்கள், நீங்களும் செருப்பு வழுக்காததாகப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துப் பழைய கோயிலின் முன்மண்டபத்துச் சாளரத்துக்கு மேலே கடவுளையே தாடியோடும் பாதாம்பருப்புக் கண்களோடும் செதுக்கியிருக்கிறார்கள். ஆர்மீனியக் கோயில்களில் அப்படிச் செதுக்குவது மிக அரிது. மங்கோலியர் ஆண்ட காலம் அது, கண்ணில் அந்தச் சாயல் இறங்கியிருக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அங்கே மாலையில் போங்கள். கோயிலின் முகப்பு மேற்குப் பார்த்தது. நாலரைக்கு மேல் வெயில் சாய்ந்து முகப்பில் விழும்போது, பின்னால் இருக்கும் மலையும் கல்லும் ஒரே நிறமாகப் பழுக்கின்றன. காவியும் இல்லை, சிவப்பும் இல்லை, அறுத்து வைத்த செந்தூரா மாம்பழத்தின் தோலோரம் போல ஒரு நிறம். ஒருநாள் சுற்று வேன்கள் அதற்குள் யெரெவானைப் பார்த்துத் திரும்பியிருக்கும். நான் இருந்த மாலை அங்கே மூன்றே பேர், ஒரு நாய். பள்ளத்தாக்கில் தங்குங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இந்த ஒரு மணி நேரமே போதும்.

முற்றத்தில் நிற்கும் சிலுவைக் கற்களை விட்டுவிடாதீர்கள். கச்கார் என்கிறார்கள். ஆளுயரக் கல்லில் சிலுவை, சுற்றிலும் பின்னல் வேலை. மோமிக் 1308-இல் செதுக்கிய ஒன்று அங்கே இருக்கிறது. கல்லைச் செதுக்கினாரா, நூலைப் பின்னினாரா என்று சந்தேகம் வரும். நம் நடுகல் வில்லும் வாளுமாக வீரனையே காட்டுகிறது. அவர்கள் கல்லில் மனிதனைப் பெரும்பாலும் காணோம்.

மனிதனும் குதிரையும் வேண்டுமென்றால் யெகெகிஸ் கிராமத்துக்குப் போகலாம். மாகாணத் தலைநகர் யெகெக்நட்ஸோரிலிருந்து காரில் அரை மணி. அங்கே ஸோராட்ஸ் என்று ஒரு கோயில், பெயரிலேயே படை இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. கோயில் என்றால் உள்ளே போய்க் கும்பிடுவோம். இதற்கு உள்ளே என்பதே கிடையாது. பீடம் தரையிலிருந்து உயர்ந்து, வெட்டவெளியைப் பார்த்துத் திறந்திருக்கிறது. போருக்குப் போகிறவர்கள் குதிரையிலிருந்து இறங்காமலே முன்னால் வந்து நின்று, குருவின் கை எட்டும் உயரத்தில் ஆசி வாங்கிக்கொண்டு அப்படியே போய்விடுவார்கள் என்பது விளக்கம். அந்த மலைக் கோம்பைக்குள் காற்று சுழன்றுகொண்டிருந்தது. அதே ஊரில் ஆற்றுக்கு அக்கரையில் இடைக்கால யூதர்களின் இடுகாடு, எபிரேய எழுத்துக் கல்லறைகளோடு. இவ்வளவு ஒதுங்கிய மலைக்குள் யூத வணிகர்கள் எதற்கு வந்தார்கள்?

பதில் வடக்கே செலிம் கணவாயில் கிடைக்கும். 2410 மீட்டர், நம் தொட்டபெட்டாவின் உச்சிக்குச் சற்றுக் கீழே. அங்கே 1332-இல் கட்டிய ஒரு சத்திரம் கூரையோடு நிற்கிறது. கருங்கல் கட்டடம், சாளரமே கிடையாது, கூரைத் துளைகளின் வழியே விழும் வெளிச்சம் மட்டும். நடுவே நீண்ட தாழ்வாரம், இரு ஓரமும் மாடு குதிரைகளுக்குக் கல்தொட்டிகள். வாசலில் ஒரு கல்வெட்டு ஆர்மீனியத்தில், இன்னொன்று பாரசீகத்தில். யார் வந்து தங்கினார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பட்டும் மிளகும் போன சாலை இது. பனிக்காலத்தில் கணவாயை மூடிவிடுவார்கள், அக்டோபரில் பொதுவாகத் திறந்திருக்கும், காலையில் விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கோட்டைப் பித்து உள்ளவர்களுக்குச் சும்பதாபெர்ட் என்ற மலைக்கோட்டையும் உண்டு. கிருஷ்ணகிரிக் கோட்டையில் மூச்சிரைக்காமல் ஏறுபவர் என்றால் போங்கள், அம்மாவோடு வேண்டாம்.

இப்போது ஒயின். உங்கள் வீட்டில் குடிக்காதவர் இருப்பதால் இதைக் கடைசிக்குத் தள்ளியது வேண்டுமென்றேதான். ஆனால் குடிக்காதவரும் தோட்டத்தைப் பார்க்க வேண்டும், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபைலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேரில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். சந்தூரில் ஒட்டு மாங்கன்று வாங்கிய எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. இன்று உலகின் பெரும்பாலான ஒயின் கொடிகள் இப்படி இரவல் வேரில் நிற்பவை. இந்தப் பள்ளத்தாக்கில் அந்தப் பூச்சி இல்லை, ஆரேனிக் கொடி சொந்த வேரிலேயே நிற்கிறது. குளிர் கடுமையான இடங்களில் இலையுதிர்ந்ததும் கொடியைச் சாய்த்து மண்ணால் மூடி, வசந்தத்தில் மறுபடி எடுத்து நிறுத்துகிறார்கள். பயிரைக் குழந்தை போலப் போர்த்திப் படுக்க வைக்கும் விவசாயியை அங்கேதான் பார்த்தேன்.

ஆரேனித் திராட்சை கறுப்பு, தடித்த தோல். நம் சந்தையில் கிடைக்கும் பெங்களூர் நீலத்தைக் கையில் எடுப்பது போலிருக்கும், வாயில் போட்டால் ருசி வேறு. வெள்ளை ஒயினுக்கு வோஸ்கெஹாத் என்ற வகை, 'பொன்மணி' என்று பெயர்த்துக்கொள்ளலாம். பழைய முறையில் கராஸ் என்னும் பெரிய மண்சாலில் ஊறவைக்கிறார்கள். கழுத்துவரை தரையில் புதைந்த கராஸைப் பார்த்ததும் தமிழர் யாருக்கும் முதுமக்கள் தாழிதான் நினைவுக்கு வரும். சோவியத் காலத்தில் ஆர்மீனியாவுக்குப் பிராந்தி, ஜார்ஜியாவுக்கு ஒயின் என்று பங்கு பிரித்துவிட்டார்கள். யெரெவானில் 1887-லிருந்தே பிராந்தித் தொழில் உண்டு. அதனால் நல்ல ஒயின் பல ஆண்டு வீட்டுச் சால்களில் மட்டும் உயிர் பிடித்திருந்தது. கடந்த பதினைந்து ஆண்டில்தான் உலகச் சந்தைக்கு மீண்டிருக்கிறது. ருசி பார்க்கும் அறைகளில் உங்கள் மனைவி வேண்டாம் என்று கையசைத்தால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள், மாதுளைச் சாறு கேளுங்கள். வீட்டு விருந்தில் மட்டும் கவனம். அங்கே கோப்பையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் ஒருவர் எழுந்து பேசுவார், இறந்தவர்களுக்கும் ஒரு சுற்று உண்டு. தண்ணீரைத் தூக்கிக் காட்டினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஊருக்குக் கொண்டுவர ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை சுங்கவரி கிடையாது. பாட்டிலைப் பெரிய பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை ஆரேனியில் ஒயின் திருவிழா, 2009-லிருந்து நடக்கிறது. கூட்டம், பாட்டு, நடுத்தெருவில் திராட்சை மிதிப்பு. ஒரு மணி நேரம் நன்றாக இருக்கும், பிறகு சந்தைக் கூட்டம். அன்று ஊர் முழுக்கக் குளவிகள், நசுங்கிய பழத்தின் புளித்த வாடை. ஜூன் மாதத்தில் கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகளைத் தாண்டிப் போனவர்களுக்கு அந்த வாடை பழக்கம்தான்.

அம்மாவின் முழங்காலுக்கு ஒரு நாளை ஜெர்முக்குக்கு ஒதுக்குங்கள். ஏறக்குறைய 2080 மீட்டர் உயரத்து வெந்நீர் ஊற்று ஊர். தூண்கள் வரிசையிட்ட ஒரு மண்டபத்தில் கல் சாடிகளில் ஊற்று நீர் விழுகிறது, ஒவ்வொன்றின் மேலும் சூடு எத்தனை டிகிரி என்று எழுதியிருக்கிறது, 30-இல் தொடங்கி 53 வரை. கோப்பையோடு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்க் குடிக்கலாம். துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த நீர் போல இருக்கும், அது வேறு. அம்மாவுக்கு வேண்டியது குளியல், பக்கத்து மருத்துவ விடுதிகளில் கட்டணம் கட்டிக் குளிக்கலாம். ஒகேனக்கல் எண்ணெய்த் தேய்ப்புக்கு ஈடாகுமா என்று அவரே தீர்ப்புச் சொல்லட்டும்.

சாப்பாடு பயந்த அளவு கடினமில்லை. மண்ணுக்குள் பதித்த அடுப்பின் சுவரில் அப்பி எடுக்கும் லவாஷ் ரொட்டி காகிதம் போல மெல்லிசாக, மீட்டர் கணக்கில் வரும். தயிர் உண்டு, 'தான்' என்ற பெயரில் உப்புப் போட்ட மோரே உண்டு. பாலாடைக்கட்டி, கீரை வைத்துச் சுட்ட ரொட்டி, அக்ரூட், காய்ந்த பழங்கள். இறைச்சி வேண்டாம் என்பதைவிட 'பாசுட்ஸ்' என்று சொல்லுங்கள், நோன்புச் சாப்பாடு என்று பொருள், பாலும் முட்டையும்கூட இல்லாததாகக் கொண்டுவருவார்கள். நன்றி சொல்ல அவர்கள் மொழியில் ஒரு முழ நீளச் சொல் இருக்கிறது, அவர்களே அதை விட்டுவிட்டு 'மெர்சி' என்கிறார்கள். சென்னையிலிருந்து பக்கம் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். ஆர்மீனிய மொழியின் முதல் பத்திரிகை 1794-இல் வெளிவந்தது மதராஸில். அரண்மனைக்காரத் தெரு என்று நாம் சொல்வது அரண்மனையால் வந்த பெயரில்லை, ஆர்மீனியரால் வந்தது. நான் தங்கிய வீட்டுக்காரர் 'மத்ராஸ்' என்றதும் உள்ளே போய் மகளைக் கூட்டிவந்து என்னைக் காட்டினார்.

பயண வேலைகள்: பெங்களூரிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றில் மாறிப் போகலாம். இ-விசா உண்டு, கட்டணமும் விதியும் மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் அரசுத் தளத்தையே பாருங்கள். பாதுகாப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் அஜர்பைஜான் படைகளின் குண்டுகள் ஜெர்முக் அருகேவரை விழுந்தன. 2025 ஆகஸ்டில் வாஷிங்டனில் அமைதி உடன்பாட்டின் வாசகத்தில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் முதற்கையொப்பம் இட்டிருக்கிறார்கள். கிளம்பும் வாரத்தில் நம் வெளியுறவுத் துறை ஏதும் எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்று பாருங்கள், எல்லை ஓரங்களில் படம் எடுக்கிறேன் என்று இறங்காதீர்கள்.

ஆறு நாளை இப்படிப் பிரிப்பேன். வந்த இரவு யெரெவான், மறுநாள் கோர் விராப் வழியாகப் பள்ளத்தாக்கு, அங்கே மூன்று இரவு, கடைசி இரவு மறுபடி யெரெவான், செருப்பு. யெகெக்நட்ஸோரில் வீட்டு விடுதிகள் நிறைய. மூன்று நாளுக்கும் ஒரே காரை, கடைகளில் நிறுத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள், ஓட்டுபவர் கோப்பையைத் தொடக் கூடாது என்பதையும் சேர்த்து. திருவிழா வாரத்துக்கு அறை வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே எழுதிவிடுங்கள். இரவில் குளிர் இறங்கிவிடும். அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும், தருமபுரியிலிருந்தே ஒரு புட்டி நாரத்தங்காய் ஊறுகாயும் எடுத்துக்கொள்ளுங்கள். லவாஷுக்கு அது பொருந்துகிறது, நான் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேன்.